செல்லுக்குள் ஒரு மடை: பாலூட்டி செல்களில் ஆர்.என்.ஏ மரபணுச் சுற்றுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கல்லூரிகளிலும் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது, மரபணுச் சுற்றுகளைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ அதே கேள்விகள் எழுகின்றன. பிள்ளைகளை அழைத்துப் போக வரும் பெற்றோரும் கேட்கிறார்கள். அவர்களுடைய கேள்விகள் பல சமயம் இன்னும் கூர்மையானவை. வகுப்பில் சொன்ன விடைகளையும் நேரமில்லாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். மேல்நிலை வகுப்பு உயிரியல் நினைவிருப்பவர்கள் எவரும் தொடர்ந்து படிக்கலாம்.

மரபணுச் சுற்று என்கிறீர்களே, செல்லுக்குள் மின்சாரமா ஓடுகிறது?

மின்சாரம் ஓடுவதில்லை. ஒரு மரபணு உண்டாக்கும் பொருள் இன்னொரு மரபணுவைத் திறக்கும் அல்லது அடைக்கும். அந்த இரண்டாவது, மூன்றாவதைக் கட்டுப்படுத்தும். இப்படிப் பின்னிக் கிடக்கும் தொடருக்கே சுற்று என்று பெயர். பொறியியல் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வைத்த பெயர் என்பதால் மின்சுற்றின் சாயல் ஒட்டிக்கொண்டது. நம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கண்மாய்த் தொடரே இதைவிடப் பொருத்தமான உவமை என்பது என் எண்ணம். மேல்கண்மாய் நிறைந்தால்தான் கலுங்கு வழிந்து, மறுகால் தண்ணீர் கீழ்க்கண்மாய்க்குப் போகும். அங்கே எவரும் நின்று கணக்குப் பார்ப்பதில்லை. எவ்வளவு நிறைந்தால் வழிய வேண்டும் என்ற கணக்கைக் கலுங்கின் உயரத்திலேயே கட்டியவர்கள் வைத்துவிட்டார்கள். மரபணுச் சுற்றிலும் முடிவெடுக்கும் கணக்கு மூலக்கூறுகளின் வடிவத்திலேயே வைக்கப்படுகிறது.

இயற்கையில் எல்லாச் செல்லும் இப்படித்தான் இயங்குகிறது. மனிதர் புதிதாக வடிவமைத்த சுற்றுகள் பரவலாக அறியப்பட்டது 2000-ஆம் ஆண்டில். ஒன்று இரண்டு நிலைகளுக்கிடையே மாறும் ஸ்விட்ச். மற்றொன்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் அலைவுச் சுற்று. இரண்டும் ஈ.கோலை பாக்டீரியாவில் செய்யப்பட்டவை; ஒரே ஆண்டில் வெளிவந்தவை. பாலூட்டி செல்களுக்கு வந்து சேரும் பாதை அதைவிடக் கரடுமுரடாக இருந்தது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

டி.என்.ஏவில் செய்யாமல் ஏன் ஆர்.என்.ஏவில் செய்ய வேண்டும்?

தொடக்ககாலச் சுற்றுகள் பெரும்பாலும் டி.என்.ஏவின் மேல் போய் உட்காரும் புரதங்களைக் கொண்டு கட்டப்பட்டவை. அப்படிப்பட்ட சுற்றைப் பாலூட்டி செல்லுக்குள் கொண்டுபோனால், டி.என்.ஏ உட்கருவுக்குள் நுழைய வேண்டும். பிரிந்து பெருகாத செல்களில் அது எளிதல்ல. நுழைந்த டி.என்.ஏ, செல்லின் சொந்தக் குரோமோசோமுக்குள் தவறான இடத்தில் செருகிக்கொள்ளும் அபாயம், சிறிதாயினும், உண்டு. தூது ஆர்.என்.ஏவுக்கு இந்த இரண்டு கவலையும் இல்லை. அது சைட்டோபிளாசத்தை அடைந்ததும் ரைபோசோம் அதைப் படித்துப் புரதம் கட்டத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் புரதம் தென்படும். சில நாட்களில் ஆர்.என்.ஏ சிதைந்து மறைந்துவிடும்.

மறைந்துவிடுவதைக் குறையாகப் பலர் எண்ணுகிறார்கள். நான் அதை இந்த முறையின் முதன்மையான நன்மையாகவே பார்க்கிறேன். ஒரு செல்லைக் கொல்லவோ, அதன் இயல்பை மாற்றவோ கட்டளையிடும் சுற்று, வேலை முடிந்த பின் தடயமின்றிப் போய்விட வேண்டும். நிலைத்து நிற்கும் சுற்றில் நேரும் பிழையும் நிலைத்து நிற்கும்.

இன்னொரு காரணம், ஆர்.என்.ஏவின் நடத்தையை ஓரளவு கணிக்க முடியும். ஏ எழுத்து யூவோடும், ஜி எழுத்து சியோடும் சேரும் என்ற விதி தெரிந்தால், ஓர் இழை எங்கே மடியும், எதனோடு ஒட்டும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே பார்க்கலாம். புதிய புரதத்தை வடிவமைப்பதில் அந்த வசதி நெடுங்காலம் இருக்கவில்லை.

ஓர் ஆர்.என்.ஏ இழை எப்படி ஸ்விட்ச் ஆக முடியும்?

சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்த பிறகுதான் அந்த இடம் வெளியே தெரியும். ஆர்.என்.ஏ ஸ்விட்ச் பலவும் இந்த முறையில் இயங்குபவை. இழையின் ஒரு பகுதி தன் இன்னொரு பகுதியோடு சேர்ந்து மடிந்து முடிச்சாகிவிட்டால், ரைபோசோம் அதைக் கடக்கத் திணறும். முடிச்சு அவிழ்ந்தால் படிக்கும். எது முடிச்சைப் போடுகிறது, எது அவிழ்க்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. (ரைபோசோமின் வடிவத்தைத் துல்லியமாக வெளிப்படுத்தியதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.)

பாக்டீரியாக்களில் இயற்கையாகவே இத்தகைய ஸ்விட்ச் இருப்பது 2002 வாக்கில் தெளிவானது. ஒரு சிறிய மூலக்கூறு, எடுத்துக்காட்டாக ஒரு வைட்டமின், தூது ஆர்.என்.ஏவில் நேரடியாக ஒட்டிக்கொண்டு அதன் மடிப்பை மாற்றுகிறது. இடையில் புரதம் எதுவும் தேவையில்லை. இரண்டாவது வகை, தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ஆர்.என்.ஏ. ஆர்.என்.ஏவே நொதியாகச் செயல்பட முடியும் என்று காட்டிய தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் 1989-இல் வேதியியல் நோபல் பெற்றனர். அப்படி வெட்டிக்கொள்ளும் துண்டைத் தூது ஆர்.என்.ஏவில் பொருத்தி, ஒரு மருந்து கொடுத்தால் மட்டும் வெட்டு நிற்கும்படி செய்து, எலியின் உடலில் மரபணு வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்திக் காட்டியது 2004-இல் நடந்தது.

மூன்றாவது வகையில் புரதம் வருகிறது, ஆனால் அது டி.என்.ஏவைத் தொடுவதில்லை. ஆர்க்கியா என்னும் பழமையான நுண்ணுயிரிகளில் உள்ள எல்7ஏஇ புரதம், கூர்மையாக வளைந்த ஒரு குறிப்பிட்ட ஆர்.என்.ஏ மடிப்பை இறுகப் பற்றிக்கொள்ளும். அந்த மடிப்பைத் தூது ஆர்.என்.ஏவின் தொடக்கத்தில் எழுதிவைத்தால், எல்7ஏஇ இருக்கும்வரை அந்தச் செய்தி படிக்கப்படாது. கியோட்டோவில் ஹிரோஹிதே சைட்டோவின் குழு இதை வளர்த்தெடுத்தது. ஒரு ஆர்.என்.ஏ, எல்7ஏஇயைத் தயாரிக்கும், மற்றொரு ஆர்.என்.ஏ, அதனால் அடைபடும். சுற்று முழுதும் ஆர்.என்.ஏ மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது.

2022-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே வெளியிட்ட ஒரு முறையை நான் மிகவும் மதிக்கிறேன். நம் செல்களில் ஏடார் என்ற நொதி இருக்கிறது. இரட்டை இழையாகச் சேர்ந்த ஆர்.என்.ஏவில் ஏ எழுத்தை ஐ என்ற எழுத்தாக மாற்றுவது அதன் வேலை. ரைபோசோம் அந்த ஐயை ஜி என்றே படிக்கும். இப்போது ஒரு தூது ஆர்.என்.ஏவின் நடுவே யூஏஜி என்ற நிறுத்தக் குறியீட்டை வேண்டுமென்றே வைக்கிறோம். அதைச் சுற்றியுள்ள எழுத்துகள், நாம் தேடும் செல்லில் மட்டும் இருக்கும் ஒரு தூது ஆர்.என்.ஏவுக்கு நிரப்பியாக, அதாவது எழுத்துக்கு எழுத்து அதோடு சேரும்படி, எழுதப்படுகின்றன. அந்த இலக்கு இல்லாத செல்லில் ரைபோசோம் நிறுத்தக் குறியீட்டில் நின்றுவிடும். இலக்கு இருந்தால் இரண்டு இழையும் சேரும், ஏடார் வரும், யூஏஜி என்பது யூஜிஜி போலப் படிக்கப்படும். யூஜிஜி டிரிப்டோஃபான் அமினோ அமிலத்துக்கான குறியீடு. ஆகவே ரைபோசோம் தடையின்றித் தொடர்ந்து, பின்னால் எழுதிவைத்த புரதத்தைக் கட்டும். செல்லின் சொந்த நொதியே ஸ்விட்சைப் போடுகிறது என்பதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

மைக்ரோ ஆர்.என்.ஏவுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

ஒரு செல் தன்னை யாரென்று அறிவிக்கும் கையொப்பம் அதில் இருப்பதால். சுமார் 22 எழுத்துகள் கொண்ட இந்தச் சிறு ஆர்.என்.ஏ, புரதமாக மாறுவதில்லை. தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏவைத் தேடி ஒட்டி, அதை அடக்கவோ சிதைக்கவோ செய்கிறது. 1993-இல் ஒரு புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்கனுக்கும் 2024-இல்தான் மருத்துவ நோபல் கிடைத்தது.

கல்லீரல் செல்லில் மிர்-122 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ நிறைந்திருக்கும். இரத்தச் செல்களில் மிர்-142. எதுவாகவும் மாறக்கூடிய குருத்தணுக்களில் மிர்-302. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்த அறுவை எதுவும் தேவையில்லை. அனுப்பும் தூது ஆர்.என்.ஏவின் வால் பகுதியில் மிர்-122 ஒட்டும் இடத்தை எழுதிவிட்டால், அது கல்லீரலுக்குள் போனாலும் அங்கே வாயடைத்துப் போகும். மற்ற இடத்தில் பேசும். இத்தாலியில் லூய்ஜி நல்டினியின் குழு 2006-இல், மிர்-142 ஒட்டும் இடத்தைச் சேர்த்து, இரத்தச் செல்களில் மட்டும் ஒரு மரபணு வெளிப்படாமல் தடுத்துக் காட்டியது.

சைட்டோவின் குழு 2015-இல் இதைக் கொண்டு செல்களைப் பிரித்தது. குருத்தணுவிலிருந்து இதயத் தசைச் செல்லை வளர்க்கும்போது, மாறாத குருத்தணுக்கள் சில மிஞ்சிவிடும். உடலுக்குள் போனால் அவை கட்டியாகலாம். செல்லின் மேற்பரப்பில் பிடித்துப் பிரிக்க நல்ல அடையாளம் இல்லாத இடத்தில், உள்ளேயிருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏவைப் படிக்கும் தூது ஆர்.என்.ஏ அந்த வேலையைச் செய்தது. ஒரு நாளில் வேலை முடிந்து, சில நாளில் மறைந்தும்விடும்.

புற்றுநோய்ச் செல்லை மட்டும் கண்டுபிடித்துக் கொல்லும் சுற்று உண்மையா?

ஆய்வகத் தட்டில் உண்மை. 2011-இல் ரான் வைஸ், யாக்கோவ் பெனன்சன் ஆகியோரின் குழுக்கள் ஹீலா என்னும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும் சுற்றை வெளியிட்டன. அந்தச் சுற்றைக் கொண்டுசேர்த்தது டி.என்.ஏ, ஆனால் செல்லை அறியும் பகுதி மைக்ரோ ஆர்.என்.ஏவை நம்பியது. ஆறு அடையாளங்களை அது பார்த்தது: மிர்-21, மிர்-17, மிர்-30ஏ ஆகியவை அதிகம் இருக்க வேண்டும், மிர்-141, மிர்-142, மிர்-146ஏ ஆகியவை குறைவாக இருக்க வேண்டும். எல்லாம் பொருந்தினால் மட்டும் பேக்ஸ் என்ற புரதம் உண்டாகி, செல் தன்னையே அழித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ எதையும் அடக்கத்தான் தெரிந்தது, எழுப்பத் தெரியாது. “குறைவாக இருக்க வேண்டும்” என்பதைச் சொல்வது எளிது: பேக்ஸின் தூது ஆர்.என்.ஏவில் மிர்-141 ஒட்டும் இடத்தை எழுதிவிட்டால், மிர்-141 இருக்கும் செல்லில் பேக்ஸ் உண்டாகாது. “அதிகம் இருக்க வேண்டும்” என்பதை எப்படிச் சொல்வது? தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு விடை கைவசம் இருக்கிறது. இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாட்டைத் தரும்; “வராமல் இரான்” என்றால் வருவான் என்று பொருள். பேக்ஸை அடக்க ஓர் அடக்கிப் புரதத்தை வைத்து, அந்த அடக்கியின் தூது ஆர்.என்.ஏவில் மிர்-21 ஒட்டும் இடத்தை எழுதினார்கள். மிர்-21 நிறைந்த செல்லில் அடக்கி அடங்கிவிடும், பேக்ஸ் எழும்.

2015-இல் வைஸ், சைட்டோ குழுக்கள் சேர்ந்து இதே வேலையை எல்7ஏஇயை அடக்கியாக வைத்து, ஆர்.என்.ஏவை மட்டும் அனுப்பிச் செய்துகாட்டின. எல்7ஏஇ இப்போது வந்த இடத்தில் முன்பு, 2011 சுற்றில், டி.என்.ஏ மேல் உட்காரும் அடக்கி இருந்தது. இப்போது அதற்கும் அவசியம் இல்லாமல் போனது. இந்தத் துறையில் ஒரே ஓர் ஆய்வை மாணவர்கள் படிக்க வேண்டுமானால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

ஹீலா என்பது யாருடைய செல்?

ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியுடையது. 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவமனையில் அவருடைய கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் காலமானார். அவருடைய செல் இன்றும் உலகெங்கும் பெருகிக்கொண்டிருக்கிறது. அந்தச் செல்லைத் தட்டில் எடுத்து வைக்கும் ஒவ்வொரு மாணவரும் அந்தப் பெயரை அறிந்திருக்க வேண்டும் என்பதை நான் வகுப்பின் விதியாகவே வைத்திருக்கிறேன்.

பாக்டீரியாவில் வேலை செய்த வடிவமைப்பை அப்படியே மனிதச் செல்லில் வைக்க முடியாதா?

பெரும்பாலும் முடியாது. 2014-இல் வெளிவந்த டோஹோல்டு ஸ்விட்ச் இதற்கு நல்ல சான்று. அது பாக்டீரியாவில் மிகத் தெளிவாக வேலை செய்தது: ரைபோசோம் வந்து உட்காரும் இடமும் தொடக்கக் குறியீடும் முடிச்சுக்குள் மறைந்திருக்கும், பொருத்தமான ஆர்.என்.ஏ வந்து நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பற்றி இழுத்தால் முடிச்சு அவிழும். மனிதச் செல்லில் ரைபோசோம் அப்படி நடுவில் வந்து உட்காருவதில்லை. தூது ஆர்.என்.ஏவின் முன்நுனியில் உள்ள தொப்பியைப் பிடித்து ஏறி, தொடக்கக் குறியீட்டைத் தேடி நகர்ந்துவரும். வழியிலுள்ள வலுவற்ற முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டே வரும். ஆகவே 2021-இல் அதற்கு இணையான ஸ்விட்சை உருவாக்கியவர்கள், தொப்பி இல்லாமலே ரைபோசோமை உள்ளே அழைக்கும் வைரஸ் வரிசைகளை எடுத்து அவற்றின்மேல் முடிச்சைக் கட்ட வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய தடை, நம் செல்லின் காவல். சுமார் 30 எழுத்துக்கு மேல் நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏவைக் கண்டால் பாலூட்டி செல் அதை வைரஸ் என்றே எடுத்துக்கொள்ளும். புரத உற்பத்தியையே நிறுத்தி, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானைச் சுரந்து, சில சமயம் உயிரையும் விடும். பொருந்தும் ஆர்.என்.ஏவைக் கொடுத்து ஒரு மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ இடையீட்டை ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998-இல் புழுவில் நீண்ட இரட்டை இழையைக் கொண்டு காட்டினார்கள்; அதே முறை பாலூட்டி செல்லில் ஒத்துவரவில்லை. 21 எழுத்துக்குக் குறுக்கிய துண்டுகள் அந்தக் காவலை எழுப்பாமல் வேலை செய்யும் என்று 2001-இல் தெரிந்த பிறகே வழி திறந்தது. நீண்ட தூது ஆர்.என்.ஏவுக்கு, அதன் எழுத்துகளில் சிறு வேதி மாற்றம் செய்தால் செல் அமைதியாக ஏற்றுக்கொள்ளும் என்று கேட்டலின் காரிகோவும் ட்ரூ வெய்ஸ்மனும் 2005-இல் காட்டினார்கள். 2023-இல் நோபல் அதற்குத்தான். ஒரு சங்கடம்: எழுத்தை மாற்றினால் முடிச்சின் இறுக்கமும் மாறும். கணினியில் சாதாரண எழுத்துக்குக் கணித்த மடிப்பு, மாற்றிய எழுத்தில் அப்படியே வருவதில்லை.

இதில் உங்களுக்கு மிகவும் கவலை தரும் சிக்கல் எது?

கசிவு. பலகையை இறக்கி அடைத்த மடையிலும் ஓரத்தில் தண்ணீர் கசியும். வயலுக்கு அதனால் கேடில்லை. அடைபட்ட ஸ்விட்சிலிருந்து கொல்லும் புரதம் கசிந்தால் கேடு உண்டு. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: திறந்த நிலையில் 1,000 அலகு புரதம், அடைத்த நிலையில் 50 அலகு. இருபது மடங்கு வேறுபாடு என்று கட்டுரையில் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு செல்லைக் கொல்ல 30 அலகே போதுமென்றால், அந்த ஸ்விட்சால் பயனே இல்லை. நல்ல செல்லும் சாகும். உடலில் நோயுற்ற செல்லைவிட நல்ல செல்கள் பன்மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே மாணவர்கள் முடிவுகளைக் கொண்டுவரும்போது, எத்தனை மடங்கு என்பதற்கு முன், அடைத்த நிலையில் எவ்வளவு என்றுதான் நான் கேட்கிறேன்.

கசிவை அடக்க வழிகள் உண்டு. கொல்லும் புரதத்தோடு அதை முறிக்கும் புரதத்தையும் சிறிதளவு சேர்த்து அனுப்பலாம். அப்போது சிறு கசிவு முறிபட்டுவிடும், பெருவெள்ளம் மட்டுமே செல்லைக் கொல்லும். இரண்டு தனித்தனி ஸ்விட்சுகளை அடுத்தடுத்து வைக்கலாம். இவை ஒவ்வொன்றும் சுற்றை நீளமாக்குகின்றன. நீளமாக்கினால் வேறு தொல்லை. செல்லின் ரைபோசோம்களும் அதன் மைக்ரோ ஆர்.என்.ஏக்களும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. பெரும் அளவில் நம் ஆர்.என்.ஏவைக் கொட்டினால், ஒரு பகுதி இன்னொரு பகுதியின் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். தொடர்பே இல்லாத இரண்டு ஆர்.என்.ஏக்கள் ஒன்றையொன்று குறைப்பது போலத் தோன்றும். ஒரே ஆற்றில் புதிய கால்வாய்களை வெட்டிக்கொண்டே போனால் கடைமடைக்குத் தண்ணீர் வராதது போலத்தான் இதுவும். அத்துடன், எல்லாச் செல்லும் ஒரே அளவு ஆர்.என்.ஏவை வாங்குவதில்லை. தட்டின் சராசரியைப் பார்த்துச் சுற்று நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது பெரும் தவறு. ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஒவ்வொரு செல்லாகப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும்.

இதை உடலுக்குள் எப்படிக் கொண்டுபோவது?

இப்போதைக்கு முதன்மையான வாகனம் கொழுப்பு நானோதுகள். கோவிட் தடுப்பூசிகளில் தூது ஆர்.என்.ஏவைச் சுமந்தது இதுதான். அதற்கு முன் 2018-இல் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்னும் குறு ஆர்.என்.ஏ மருந்தும் இதில்தான் ஏறிப்போனது. இரத்தக் குழாய் வழியே செலுத்தினால் இந்தத் துகள் பெரும்பாலும் கல்லீரலுக்கே போகிறது. இரத்தத்தில் உள்ள அப்போ-ஈ என்ற புரதம் அதன்மேல் ஒட்டி, கல்லீரல் செல்லின் வாசலைத் திறந்துவிடுகிறது. செல்லுக்குள் போன பிறகும் பெரும்பகுதி சிறு பைகளுக்குள் மாட்டிக்கொள்ளும். சில சதவீதமே சைட்டோபிளாசத்தை எட்டுகிறது. மூளை, நுரையீரல், எலும்பு மஜ்ஜை என்று வேண்டிய இடத்துக்கு அனுப்புவது இன்னும் தீராத பணி. ஸ்விட்ச் வடிவமைப்பதில் காட்டும் கூர்மையில் பாதியையாவது இங்கே காட்ட வேண்டிய நேரம் இது என்பது என் கருத்து.

சில நாட்கள் போதாத இடத்தில், தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ஆர்.என்.ஏ உதவும். ஆல்ஃபா வைரஸ்களின் நகலெடுக்கும் பகுதியை, சுமார் 7,500 எழுத்து, முன்னால் வைத்து, வைரஸின் உறை மரபணுக்களை நீக்கி, அந்த இடத்தில் நம் செய்தியை எழுதுகிறார்கள். அது செல்லுக்குள் நகல் எடுக்கும். உறை இல்லாததால் வேறு செல்லுக்குத் தொற்றாது. புனேயின் ஜென்னோவா நிறுவனம் தயாரித்து 2022 ஜூனில் அவசரகால அனுமதி பெற்ற ஜெம்கோவாக்-19 தடுப்பூசி இந்த வகை. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்துக்கொள்ளலாம் என்பது நம் ஊர் வெயிலுக்குச் சிறிய செய்தியல்ல.

பிள்ளைக்குப் போட்டால் அவன் பிள்ளைக்கும் போகுமா?

ஒரு தாயார் கேட்டது. போகாது. இந்த ஆர்.என்.ஏ குரோமோசோமில் எழுதப்படுவதில்லை, சிதைந்துவிடுகிறது. பெருக்கிக்கொள்ளும் வகையும் டி.என்.ஏவாக மாறும் கட்டம் இல்லாததே.

கண்நோய்க்கு இது பயன்படுமா?

அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கண் மூடிய, சிறிய உறுப்பு. மிகக் குறைந்த அளவு மருந்து போதும். அதனால்தான் மரபணு சிகிச்சை அங்கே முன்னதாக வெற்றி கண்டது, ஆர்.பி.இ.65 மரபணுக் குறையால் வரும் பார்வை இழப்புக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்து அதற்குச் சான்று. ஆனால் அது டி.என்.ஏவைச் சுமக்கும் வைரஸ் வழி. பிறவியிலேயே ஒரு மரபணு இல்லாதவருக்கு அந்தப் புரதம் வாழ்நாள் முழுதும் வேண்டும். சில நாளில் மறையும் ஆர்.என்.ஏவை அதற்காக விழித்திரைக்குள் திரும்பத் திரும்ப ஊசியால் செலுத்துவது நியாயமில்லை. ஒருமுறை நடந்து முடிய வேண்டிய வேலைகளுக்கே ஆர்.என்.ஏச் சுற்று ஏற்றது. வளர்த்த செல்களை மாற்றிப் பொருத்துவதற்கு முன் வேண்டாத செல்களை நீக்குவது அத்தகைய வேலை; கண்ணுக்கும் அந்த வழியில்தான் முதலில் உதவும் என்று எதிர்பார்க்கிறேன்.

மருந்தாக வந்துவிட்டதா? இந்தியாவில் இதற்கு விதிகள் உண்டா?

பல அடையாளங்களைப் படித்து முடிவெடுக்கும் ஆர்.என்.ஏச் சுற்று எதுவும் மருந்தாக அனுமதி பெறவில்லை. அதன் உறுப்புகள் தனித்தனியே மருத்துவத்துக்குள் வந்துகொண்டிருக்கின்றன. விதிகள் உண்டு. மரபணு மாற்றம் சார்ந்த ஆய்வுகளுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் வகுத்த விதிகள் பொருந்தும்; ஒவ்வொரு நிறுவனத்திலும் உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். மரபணு சிகிச்சைக்கான தேசிய வழிகாட்டுதல்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இல் வெளியிட்டது. செல்லைப் பொறியியல் முறையில் மாற்றிச் செய்யும் சிகிச்சை நமக்கு எட்டாதது என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம்; மும்பையில் உருவான நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு (நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்லையே மாற்றிப் புற்றுநோயைத் தாக்க வைப்பது) 2023-இல் அனுமதி கிடைத்தது.

மதுரையில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா?

1980-களில் உயிரித் தொழில்நுட்ப முதுநிலைப் படிப்பு இந்தியாவில் தொடங்கியபோது முதலில் இடம்பெற்ற பல்கலைக்கழகங்களில் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஒன்று. செல் வளர்ப்பு அறை, 37 டிகிரியும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் காக்கும் இன்குபேட்டர், மைனஸ் 80 ஃப்ரீசர், ஒளிரும் புரதத்தைக் காட்டும் நுண்ணோக்கி ஆகியவை இருந்தால் தொடங்கலாம். கடினமானது ஆர்.என்.ஏவைச் சிதையாமல் காப்பது. நம் விரலிலேயே அதைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. ஒரு மே மாதம் வெளியூரிலிருந்து வரவழைத்த ஆர்.என்.ஏ, கூரியரில் இரண்டு நாள் தாமதமாகி, உலர்பனி முழுதும் ஆவியாகிப்போன பெட்டியில் வந்து சேர்ந்தது. ஜெல்லில் ஓட்டினால் ஒரே பட்டைக்குப் பதில் நீண்ட தீற்றல். மாணவர் ஒருவரின் மூன்று மாத வேலை அதில் போயிற்று. அதிலிருந்து, டி.என்.ஏ அச்சை மட்டும் வாங்கி, ஆர்.என்.ஏவை இங்கேயே தயாரித்துக்கொள்கிறோம். டி.என்.ஏ வெயிலைத் தாங்கும்.

கருவி எதுவும் இல்லாத மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கணினியிலிருந்து. வியன்னா ஆர்.என்.ஏ என்ற மென்பொருள் இணையத்தில் இலவசம். ஓர் இழையின் எழுத்துகளைக் கொடுத்தால் அது மடியும் வடிவத்தையும் மடிப்பின் ஆற்றலையும் காட்டும். மிர்பேஸ் என்ற தரவுத்தளத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏக்களின் வரிசைகள் இருக்கின்றன. மிர்-21-இன் வரிசையை எடுத்து, அதற்கு நிரப்பியை எழுதுங்கள். அதைச் சிறிய தூது ஆர்.என்.ஏ ஒன்றின் வாலில் நான்கு முறை அடுத்தடுத்து வைத்து, மென்பொருளில் மடித்துப் பாருங்கள். ஒட்டும் இடங்களில் ஏதேனும் ஒன்று முடிச்சுக்குள் மறைந்திருக்கக்கூடும். மறைந்த இடத்தை மைக்ரோ ஆர்.என்.ஏ எளிதில் அணுகாது. இடங்களுக்கு இடையிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றி, நான்கும் வெளியே தெரியும்வரை திரும்ப மடியுங்கள். ஒரு மாலைப் பொழுது வேலை அது. முடிந்ததும் தாளில் வரைந்து வகுப்புக்கு எடுத்து வாருங்கள். அடுத்த மாற்றத்தைச் சேர்ந்து பார்ப்போம்.